இடைவெளிக்கான சான்று

ஜூன் 11, 2024, செவ்வாய்

இந்த வருடமும் இல்லை. டெல்லியிலிருந்து வந்த மின்னஞ்சலை மகிழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டே திறந்தேன். முதல் வரியில் நன்றி என்று இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்று போன வருடமே கற்றுக்கொண்டேன். கிடைத்தவர்களுக்கு அவர்கள் நன்றி சொல்வதில்லை. நன்றிதான் சொல்லியிருந்தார்கள்.

குழந்தை பெற்று ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண்களுக்கான நிதி இது. வருடத்துக்கு ஒரு முறை விண்ணப்பம். கிடைத்தால் மூன்று வருடத்துக்கு உதவித்தொகை, கருவிகள், என் பெயரில் ஒரு திட்டம். மணிலாக் கொட்டையில், அதாவது நிலக்கடலையில், பிடிக்கிற பூஞ்சையின் நஞ்சை விற்பனைக் கூடத்திலேயே ஒரு காகிதப் பட்டையை நனைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் யோசனை. இப்போது மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். முடிவு வருவதற்குள் அந்த மூட்டை எண்ணெயாகி யார் வீட்டுத் தாளிப்பிலோ பொரிந்துகொண்டிருக்கும்.

மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். ஒருவருக்கு யோசனை பிடித்திருக்கிறது. இன்னொருவருக்கு ஏழு குறிக்கோள்கள் அதிகம். மூன்றாமவர் எழுதியது: “2018 செப்டம்பர் முதல் 2021 முடிய விண்ணப்பதாரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது விளங்கவில்லை. இணைத்துள்ள பிறப்புச் சான்றிதழ் 2022ஆம் ஆண்டுக்குரியது.” போன வருடமும் இதையே வேறு வார்த்தையில் கேட்டிருந்தார்கள்.

மதியம் கல்லூரிக்குப் போய் முதல்வரிடம் சொன்னேன். பழைய மாணவி என்பதால் மாடியில் ஒரு சிறிய அறையைக் கொடுத்து வைத்திருக்கிறார். சம்பளம் கிடையாது, சாவி மட்டும் உண்டு. “அடுத்த தடவையும் வரலன்னா அந்த ரூம கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்குக் குடுத்துருவேன்மா. தப்பா நெனச்சுக்காத” என்றார். நினைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மகியின் நெற்றி லேசாகச் சுட்டது போலிருந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். 98.4. மறுபடியும் வைத்தேன்.

ஜூன் 12

காலையிலும் 98.4.

ஜூன் 19, புதன்

ரெஜினா என் விண்ணப்பத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்து முடித்துவிட்டாள். விடுதியில் என் அறைத்தோழி, இப்போது அதே கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை, இரண்டு திட்டங்கள் வாங்கியவள். கேன்டீனில் உட்கார வைத்துக் கிழித்தாள்.

“ஏழு குறிக்கோளா? இது ப்ராஜெக்டா, தேர்தல் அறிக்கையாடீ?”

“எல்லாமே முக்கியம்.”

“உனக்கு முக்கியம். நாப்பது ப்ரொபோசல் படிச்சுட்டு, சுகர் மாத்திர போட மறந்துட்டு ஒரு மனுஷன் உக்காந்திருப்பான் பாரு, அவனுக்கு? மூணு வெய்யி. மூணாவத அவன் படிக்க மாட்டான், ஆனா இருக்கணும்.”

பிறகு என் முதல் பக்கத்தைக் காட்டினாள். உலகத்தில் பூஞ்சைகள் எத்தனை வகை என்று ஆரம்பித்திருந்தேன். “கல்யாணத்துக்குக் கூப்புட வந்தவ ஆதாம் ஏவாள்லேருந்து சொல்ற மாதிரி இருக்கு. மூட்டையிலேருந்து ஆரம்பி. அந்த எண்ணெய் யார் வீட்டுக்குப் போவுதோ, அங்கேருந்து ஆரம்பி.” சரிதான் என்று பட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

“இங்க என்ன போட்டிருக்க? ‘குடும்பக் காரணங்கள்.’ ரெண்டு வருஷமா இதேதான்.”

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் என்ன சொல்ல வரேன்னு உனக்குத் தெரியும் எழில்.”

“தெரியும்.”

“அவங்களுக்குத் தெரியாதில்ல. அதான் ரெண்டு தடவையும் உன்ன அடிச்சிருக்கு.”

மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள். டீக்குக் காசு என்னைக் கொடுக்க வைத்துவிட்டாள், வழக்கம்போல.

ஜூலை 2

ஏழு நான்காயிற்று. ஒவ்வொன்றாக அழிக்கும்போது யாரையோ வீட்டை விட்டு அனுப்புவது போலிருக்கிறது. கேஸ் தீர்ந்து, பதிவு செய்தேன். துணி காயவில்லை.

பகலில் மகியை எதிர்வீட்டு மெர்சி அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அவர் இன்னும் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இன்று மூன்றாவது முறை போன் செய்தபோது சிரித்துக்கொண்டே, “இன்னாம்மா நீ, புள்ள உசுரோடதான் கீது, போன வெய்யி” என்றார். சொன்ன வேகத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. “ஐயோ, வாய் தவறிடுச்சும்மா. ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. ஏசப்பா…” என்றார். பரவாயில்லை அக்கா என்றேன். பின்னால் மகி எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

மூன்று குறிக்கோள்கள். ஐந்தே பக்கம். ரெஜினாவுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

தணிகைவேலிடம் இன்று கேட்டுவிட்டேன். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, பீரோவுல இருக்கற அந்த சர்ட்டிபிகேட் வேணும்.”

“எது?”

“பொறப்புச் சான்றிதழ்.”

“அது உன் ஃபைல்லதானே இருக்கு.”

“மகியோடது இல்லீங்க.”

அவர் நிமிரவில்லை. சட்டையின் அதே கையையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். “எதுக்கு?” என்றார். சொன்னேன். நான் வேலையை விட்டது 2018 செப்டம்பரில். அந்த இடைவெளிக்குச் சான்று கேட்கிறார்கள். மகி பிறந்தது அதற்கு மூன்று வருடத்துக்கும் மேல் கழித்து. நடுவில் நான் சும்மா இருந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

“அவன வெச்சு காசு கேக்கப் போறியா?”

“காசுக்கு இல்லீங்க…”

“ஏழு மாசம் இருந்தான். அத டெல்லியில எவனோ ஒருத்தனுக்கு எதுக்குக் காட்டணும்? உன் கடலைக்கும் அவனுக்கும் என்ன?”

அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவர் ஒரு முழு வாக்கியம் பேசியே எத்தனையோ காலம் ஆகிறது என்பதுதான் அப்போது தோன்றியது. பாதி தேய்த்த சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு வெளியே போனார். பிளக்கை நான்தான் பிடுங்கினேன்.

விண்ணப்பத்தில் எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பங்குனி வெயிலில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அதன் பிறகு மகி வயிற்றில் வரும்வரை நான் எதையும் படிக்கவில்லை. எழுதிவிட்டேன். மூன்று வரிகூட முழுதாக இல்லை.

ஜூலை 15

சப்பாத்தி, உருளைக்கிழங்கு. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனார், நான் அடுப்படியில் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

“யோசனை நல்லாருக்கு, செஞ்சு காட்டியிருக்கியா?” என்று எவனாவது கேட்பான் என்றாள் ரெஜினா. அதனால் விற்பனைக் கூடத்துக்குப் போனேன். திண்டிவனத்தில் இவ்வளவு நாள் இருந்தும் உள்ளே போனதில்லை. களம் முழுக்கக் கடலைக் குவியல், மல்லாட்டை என்பார்கள் இங்கே. வெயிலில் மல்லாட்டை வாசனை தலைக்கு ஏறுகிறது.

குவியலுக்கு ஒரு கைப்பிடி கேட்டேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் புதிதாகப் பூஞ்சை கட்டிவிடும் என்பதால் பழுப்புக் காகித உறைகள் கொண்டுபோயிருந்தேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே வேடிக்கை.

“இன்னாம்மா, டாக்டருன்ற. மல்லாட்டைக்கு ஊசி போடப் போறியா?”

“ரத்தம் எடுக்க வந்துக்கீதுடி” என்றாள் இன்னொருத்தி.

“அதுக்கு சக்கர இருக்குதான்னும் பாத்துச் சொல்லும்மா. எங்க ஊட்டுக்காரருக்கு இருக்குது!”

நானும் சிரித்தேன். அறைக்குக் கொண்டுவந்து அரைத்து, கரைத்து, பட்டைகளை நனைத்து வைத்தேன். எட்டாவது உறையின் பட்டையில் நஞ்சைக் காட்டும் மெல்லிய நீலக்கோடு வந்தது. பதினொன்றாவதில் நன்றாகவே வந்தது. கிட்டத்தட்ட ஆறு வருடத்துக்குப் பிறகு என் கையால் ஒன்று வேலை செய்கிறது. அறையில் யாருமில்லை, சத்தமாக “வந்துருச்சு” என்றேன்.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மகியின் நினைப்பே வரவில்லை. ஒரு தடவைகூட. எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தி, மெர்சி அக்காவைப் பிடித்தேன். “தூங்குது” என்றார். “எழுப்பிப் பாருங்க” என்றேன். எழுப்பினார். பாவம், அழுதாள்.

செப்டம்பர் 9

பாயசம் செய்தேன். எதற்கு என்று தணிகை கேட்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தார்.

செப்டம்பர் 21, சனி

மடிக்கணினியின் மேல் ஒரு உறை இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பிரித்தேன். உள்ளே பிறப்புச் சான்றிதழ், பீரோவில் இருந்த பழையது அல்ல. அதில் முத்திரை மங்கிப்போய்விட்டதாம். நேற்று அரை நாள் விடுப்பு எடுத்து நகராட்சியில் புதிதாக நகல் வாங்கி வந்திருக்கிறார். பிறந்த தேதி செப்டம்பர் 9, 2018. ஆண் குழந்தை. தகப்பன் பெயர், தாய் பெயர். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டது.

குளித்து வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இன்னும் பேரு பதியலியா சார்னு கேட்டான் கவுன்ட்டர்ல.”

“என்ன சொன்னீங்க?”

“அப்புறமா பதியறோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

துண்டு முகத்தின்மேல் நெடுநேரம் இருந்தது.

மாலை ரெஜினாவிடம் போனில் கேட்டேன், அவன் போனபோது வாங்கிய இன்னொரு சான்றிதழும் வைக்க வேண்டுமா என்று. “விதியில பொறப்புச் சான்றிதழ்னுதான் போட்டிருக்கு. கேட்டாங்கன்னா குடுப்போம்டீ. கேக்காதத நீயா ஏன் குடுக்கற?” அவள் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

கடைசி நாள். முதல்வரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. முத்திரை வைத்திருக்கும் அலுவலர் மொட்டையடிக்கத் திருப்பதி போயிருக்கிறார். மேசை இழுப்பறையைப் பியூனை விட்டு நெம்பித் திறந்தார்கள். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. கடலைப் படங்களையெல்லாம் மங்கலாக்கினேன்.

இடைவெளிக்கான காரணம் என்ற கட்டத்தில் நூறு சொல் எழுதலாம். ‘மகப்பேறு, குழந்தை பராமரிப்பு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு சான்றிதழ்களையும் பிறந்த வரிசையில் இணைத்தேன்.

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 14

மகிக்கு நிஜமாகவே காய்ச்சல். 102. இரவெல்லாம் ஈரத்துணி. டாக்டர், “ஊரெல்லாம் வைரல்மா, மூணு நாள்ல ஓடிரும்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்காரச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

நவம்பர் 15

101. தணிகை வேலைக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

நவம்பர் 17

இறங்கிவிட்டது. பிஸ்கட் கேட்டாள். அவர் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தார், நாய்க்குட்டிகள் நாலு வளர்ப்பவர்போல.

ஜனவரி 22, 2025

முதல் பட்டியலில் பெயர் இருக்கிறது! பிப்ரவரி 6 அன்று காணொலியில் நேர்காணல். முதல்வர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு ஏன் நின்றோம் என்று அவருக்கே விளங்காமல் மின்விசிறியைக் கூட்டினார். அலமாரி மேல் இருந்த பழைய குறிப்புகளையெல்லாம் இறக்கித் தூசு தட்டினேன். மகி அதில் ஒன்றில் மீன் வரைந்திருக்கிறாள். மீன் என்று அவள்தான் சொன்னாள்.

ரெஜினா தினமும் மாலை அரை மணி நேரம் என்னைக் குடைகிறாள். “அவசரப்படாத. பஸ் ஓடிப் போயிடாது. மூச்சு விடு. உனக்குத் தெரியாதத தெரியாதுன்னு சொல்லு, அதுக்கு மார்க் உண்டு.”

பிப்ரவரி 6, வியாழன்

நல்லபடி முடிந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

திரையில் ஐந்து முகங்கள். மூட்டையிலிருந்து ஆரம்பித்தேன். நீலக்கோட்டுப் படத்தைக் காட்டியதும் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஈரப்பதம் கூடினால் பட்டை பொய் சொல்லுமே என்றார். சொல்லும், அதுதான் என் இரண்டாவது குறிக்கோள் என்றேன். தலையாட்டினார். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றேன். பேசப் பேசக் குரல் என்னுடையதாகிக்கொண்டே வந்தது.

முடியும் நேரத்தில் தலைவராக இருந்த அம்மா கோப்பைப் புரட்டினார். அன்பானவர். நரைத்த தலை, பெரிய பொட்டு. ஆங்கிலத்தில்தான் பேச்செல்லாம்.

“நீண்ட இடைவெளி. இரண்டு குழந்தைகள், அப்படித்தானே? நானும் அதைக் கடந்து வந்தவள்தான். சின்னவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?”

எதிர்வீட்டில் விடுகிறேன், ஜூனிலிருந்து பள்ளிக்கூடம் என்றேன்.

“பெரியவனுக்கு எத்தனை வயது இப்போது?”

“ஆறு.”

யோசிக்கவே இல்லை. அந்தக் கணக்கு எப்போதும் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதுதான். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

“பள்ளிக்குப் போகிறானா?”

“போகிறான் மேடம். ஒன்றாம் வகுப்பு.”

“நல்லது, நல்லது. அப்படியானால் இனி உங்கள் வேலைக்கு இடைஞ்சல் இருக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரை அணைந்தது.

வாசலில் நின்றிருந்த ரெஜினா என் கையைப் பிடித்து, “ஏன்டீ இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?” என்றாள். ஏசி என்றேன். அந்த அறையில் ஏசி கிடையாது. அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 7

விண்ணப்பத்தில் பொய் எதுவுமில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். ‘நேற்று என் மகனைப் பற்றிக் கேட்டீர்கள்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. சொன்னால் திட்டம் போய்விடுமோ என்ற பயம்தான் என்றால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அதுமட்டும் இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது, ஐந்து பேர் தலைக்குள். அதை நானே எழுதி அழிக்க வேண்டும்.

அழிக்கவில்லை. மின்னஞ்சலைத்தான் அழித்தேன்.

மார்ச் 18

ஒன்றும் வரவில்லை. மகிக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. நீலச் சீருடை, சின்ன டை. மெர்சி அக்கா, “கலெக்டரம்மா கணக்கா கீது” என்று திருஷ்டி கழித்தார். தணிகையிடம் நேர்காணல் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன், அதைத் தவிர.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் வரியில் நன்றி இல்லை.

மூன்று முறை படித்தேன். பிறகு ரெஜினாவுக்கு அனுப்பினேன். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தாள். “எழுபது பேரு முன்னாடி கத்திட்டேன்டீ, பசங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டானுங்க” என்று என்னைக் கட்டிக்கொண்டு அவள்தான் அழுதாள். முதல்வர், என் அறைக்கு வெளியே பெயர்ப் பலகை வைக்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் கை கொடுத்தார்கள். மூன்றாவது முறையில் கிடைத்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்பமாட்டேன் என்பதால்.

மாலை தணிகை மைசூர்பாகு வாங்கி வந்தார். மகியை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் கட்டியிருந்த நூலை மெதுவாக அவிழ்த்தார். அறுக்காமல் முடிச்சைத் தேடித் தேடி அவிழ்த்தார்.

“அந்த சர்ட்டிபிகேட் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா, அன்னிக்கி?”

இரண்டு மாதத்துக்கு மேல் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“வயசு கேட்டாங்க.”

“மகிக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

நூல் அவர் விரலில் நின்றது. “என்ன சொன்ன?”

“ஆறுன்னேன். ஸ்கூலுக்குப் போறான்னு சொன்னேங்க. வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்லல.”

போன ஜூலையில் சொன்னதைவிடக் கடுமையாக ஏதோ சொல்லப் போகிறார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் ஒரு துண்டை உடைத்து மகியின் வாயில் வைத்தார். தாடையில் உதிர்ந்ததைத் துடைத்தார்.

“எந்த கிளாஸ்னு கேட்டாங்களா?”

“நானேதான் சொன்னேன். ஒண்ணாவதுன்னு.”

கணக்குப் போடுவதுபோல அவர் உதடு லேசாக அசைந்தது.

“சரிதான்” என்றார். “ஜூன்ல ரெண்டாவது.”